வலிக்கும் விரலும் வலிக்காத விரலும்: கிட்டார்க் கம்பியைத் தேர்ந்தெடுத்தல்

கடந்த ஐப்பசியில், ஒரே வாரத்தில், கிட்டார் பழகுபவர்கள் இருவரை எங்கள் புறநோயாளர் பிரிவில் கண்டோம். முதலாமவர் முடக்குவாதத்திற்காக எங்களிடம் இரண்டு ஆண்டுகளாகச் சிகிச்சை பெற்றுவரும் கல்லூரி மாணவி. "கம்பியைத் தொட்டாலே விரல் நுனி எரிகிறது, டாக்டர். கிட்டாரை யாருக்காவது கொடுத்துவிடலாமா?" என்று கேட்டார். இரண்டாமவர் அதியமான்கோட்டையைச் சேர்ந்த, பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். பேத்திக்கு வாங்கிய கிட்டாரில் தாமும் பழகத் தொடங்கியிருந்தார். அவர் விரலைக் காட்ட வரவில்லை. வழக்கமான மாத்திரைக்காக வந்திருந்தார். இடக்கைச் சுட்டுவிரலின் நுனி பிளந்து, சிவந்து, உள்ளே சீழ் கோத்திருந்ததை நாங்கள்தாம் முதலில் கண்டோம். "வலிக்கவே இல்லையே" என்றார் வியப்புடன்.

இருவருள் யாருடைய விரல் அதிக ஆபத்தில் இருந்தது? வலியால் துடித்தவருடையது அன்று, வலியே தெரியாதவருடையது. இந்தக் கட்டுரையின் சாரம் இதுவே. அவ்விருவரின் இசைவுடன், அடையாளங்களை விலக்கி, அவர்களுக்கு நாங்கள் கூறியதை இங்கே எல்லோருக்கும் பயன்படும் வகையில் எழுதுகிறோம். மென்மையான விரலுக்கு எத்தகைய கம்பி ஏற்றது, எந்த வலியைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக் கூடாது, வலியே தெரியாத விரலை எப்படிக் காப்பது என்ற மூன்றையும் நோயாளிகளும் அவர்களைப் பேணுவோரும் அறிந்திருப்பது நலம்.

நரம்பு என்னும் சொல்

சங்கப் புலவர்கள் யாழின் தந்தியை 'நரம்பு' என்றே அழைத்தனர். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல்களுள் ஒன்று யாழைக் குறிப்பிட்டே தொடங்குகிறது. அன்றைய தகடூரே இன்றைய தருமபுரி. அவன் பெயரைத் தாங்கி நிற்பது அதியமான்கோட்டை. யாழில் அதிரும் இழைக்கும், விரலிலிருந்து மூளைக்கு உணர்வைக் கொண்டுசெல்லும் இழைக்கும் தமிழில் ஒரே பெயர் அமைந்தது எங்கள் பணிக்கு மிகப் பொருத்தமாக இருக்கிறது. இசைக்கருவியின் நரம்பைத் தேர்ந்தெடுக்குமுன் உடலின் நரம்பு எந்நிலையில் உள்ளது என்று பார்க்க வேண்டும் என்பதே நாங்கள் சொல்ல விரும்பும் முதல் செய்தி.

விரல் நுனியில் நடப்பது

கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளை ஃப்ரெட் என்பர். வீணையில் அவற்றையே மெட்டு என்கிறோம். கம்பியை மெட்டின்மேல் அழுத்தும்போது, மிக மெல்லிய ஒரு கோட்டின்மேல் விரலின் விசை முழுவதும் குவிகிறது. விரல் நுனியோ நம் உடலில் தொடு உணர்வு மிகச் செறிந்த இடங்களுள் ஒன்று. ஆகவே முதல் நாள்களில் வலிப்பது இயல்பு.

மீண்டும் மீண்டும் அழுத்தம் படும்போது தோலின் மேலடுக்கு தடித்துக் காய்ப்பு ஏற்படுகிறது. நாள்தோறும் சிறிது நேரம் பழகுபவருக்குப் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் இது உருவாகிவிடும். மண்வெட்டி பிடிப்பவரின் உள்ளங்கையில் தோன்றும் காய்ப்பும் இதே வகையானதே. ஆனால் காய்ப்பு உருவாகத் தோல் நலமாக இருக்க வேண்டும்; புண் ஆறும் திறனும் இரத்த ஓட்டமும் சீராக இருக்க வேண்டும். நீண்டநாள் ஸ்டீராய்டு உட்கொண்டு தோல் மெலிந்தவர்கள், கீமோதெரபி பெறுபவர்கள், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் ஆகியோரிடம் காய்ப்புக்குப் பதிலாகக் கொப்புளமும் வெடிப்புமே தோன்றக்கூடும். "எல்லோருக்கும் முதலில் வலிக்கும், பொறுத்துக்கொள்" என்று இசை ஆசிரியர் கூறும் அறிவுரை நலமான விரலுக்கே பொருந்தும்.

மூன்று வகை உணர்வு

விரலில் தோன்றுவதை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

முதலாவது, தோலின் வலி. விரல் நுனியில் கம்பி பட்ட இடத்தில் மட்டும் எரிச்சல் இருக்கும். கம்பியின் தடம் தெரியும். வாசிப்பை நிறுத்திய சில மணி நேரத்தில் தணிந்துவிடும். இதற்கு மருந்து தேவையில்லை. கம்பியையும் பழகும் நேரத்தையும் மாற்றினால் போதும்.

இரண்டாவது, மூட்டு அல்லது தசைநாணின் வலி. விரல் கணுவிலோ, கட்டைவிரலின் அடியிலோ, மணிக்கட்டிலோ வலி இருக்கும். மறுநாள் காலையும் தொடரும். கணு வீங்கலாம், விரல் மடங்கி நிமிரும்போது சொடுக்கிக் கொள்ளலாம். இங்கே கம்பியை மாற்றுவது உதவும். ஆனால் அது மட்டும் போதாது. மருத்துவரின் பார்வையும் வேண்டும்.

மூன்றாவது, மதமதப்பு. ஊசி குத்துவது போன்ற கூச்சம், துணி சுற்றியது போன்ற மரப்பு, அல்லது எந்த உணர்வும் இல்லாமை. இது வலியைவிடக் கவலைக்குரியது. இதனைப் பின்னர் தனியே விளக்குகிறோம்.

கம்பியின் கணக்கு

கடையில் கம்பித் தொகுப்பின் உறையில் 10, 11, 12, 13 என்று எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். அவை முதல் கம்பியின் விட்டத்தைக் குறிப்பன. 12 என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு. எண் குறையக் குறையக் கம்பி மெலியும். அதே சுருதிக்குத் தேவைப்படும் இழுவிசையும் குறையும். விட்டம் சிறிதளவு குறைந்தாலும் இழுவிசை அதைவிட வேகமாகக் குறைகிறது. முதல் கம்பியை 12இலிருந்து 11க்கு மாற்றினால் அதன் இழுவிசை சுமார் 16 விழுக்காடும், 10க்கு மாற்றினால் சுமார் 30 விழுக்காடும் தணியும்.

ஆறு கம்பிகளும் சேர்ந்து கிட்டாரின்மேல் செலுத்தும் மொத்த இழுவிசையைத் தோராயமாக இவ்வாறு கொள்ளலாம். தயாரிப்பாளருக்கேற்பச் சற்று மாறுபடும்.

• 13இல் தொடங்கும் 'மீடியம்' எஃகுக் கம்பி: சுமார் 84 கிலோ
• 12இல் தொடங்கும் 'லைட்': சுமார் 74 கிலோ
• 11இல் தொடங்கும் 'கஸ்டம் லைட்': சுமார் 67 கிலோ
• 10இல் தொடங்கும் 'எக்ஸ்ட்ரா லைட்': சுமார் 59 கிலோ
• கிளாசிக்கல் கிட்டாரின் நைலான் தந்தி: சுமார் 40 கிலோ

பெரும்பாலான அக்கூஸ்டிக் கிட்டார்கள் 12இல் தொடங்கும் கம்பியுடனேயே விற்பனைக்கு வருகின்றன. அதில் 'லைட்' என்று எழுதியிருப்பதைக் கண்டு அதுவே மிக மென்மையானது என்று எண்ணிவிட வேண்டாம். விரல் நோகும் ஒருவர் முதலில் கேட்டு வாங்க வேண்டியது 10 அல்லது 11இல் தொடங்கும் தொகுப்பு. 'சில்க் அண்ட் ஸ்டீல்' என்ற வகையும் உண்டு. தடித்த கம்பிகளில் எஃகு உள்ளிழையைச் சுற்றிப் பட்டு போன்ற நூலிழையை வைத்து, அதன்மேல் உலோகச் சுருள் சுற்றியிருப்பார்கள். இழுவிசை குறைவு, தொடுவதற்கு மென்மை, ஒலி சற்றுத் தணிந்து இனிமையாக இருக்கும். மெல்லிய பூச்சு இட்ட கம்பிகளில் விரல் வழுக்கிச் செல்வதால் உராய்வு குறையும். சுருளைத் தட்டையாக அமைத்த 'ஃப்ளாட்வூண்ட்' கம்பியிலும் சொரசொரப்பு குறைவு. ஆனால் அதன் இழுவிசை கூடுதலாக இருக்கலாம் என்பதால் உறையைப் பார்த்து வாங்க வேண்டும்.

மெல்லிய கம்பிக்கு ஒரு விலை உண்டு: ஒலியின் கனம் சிறிது குறையும், ஓங்கி மீட்டினால் கம்பி மெட்டில் பட்டுக் கரகரக்கும். வீட்டுத் திண்ணையில் தமக்காக வாசிப்பவருக்கு இது பெரிய இழப்பன்று.

குடல் தந்தியும் நைலானும்

நைலான் தந்தியின் வரலாறு மருத்துவமனையோடு தொடர்புடையது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை கிளாசிக்கல் கிட்டாரின் மேல்தந்திகள் ஆட்டுக் குடலிலிருந்து முறுக்கப்பட்டன. அதே குடல் இழையே அறுவை அரங்கில் தையல் நூலாகவும் பயன்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அறுவைத் தையலுக்கான தேவை பெருகவே, இசைக்கலைஞர்களுக்குக் குடல் தந்தி கிடைப்பது அரிதாயிற்று. 1940களில் நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்ற கிட்டார் தயாரிப்பாளர் நைலான் இழையைத் தந்தியாக்கினார். ஸ்பெயின் நாட்டுக் கலைஞர் ஆந்த்ரேஸ் செகோவியா அதனை ஏற்று வாசித்தார். அதன்பின் உலகெங்கும் கிளாசிக்கல் கிட்டாருக்கு நைலானே வழக்கமாயிற்று. இன்றும் எங்கள் அறுவை அரங்கில் தோலைத் தைப்பது பெரும்பாலும் நைலான் நூலே. சர்க்கரை நோயாளிகளின் பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று நாங்கள் தொட்டுப் பார்ப்பதும் ஒரு நைலான் இழையால்தான்.

நைலான் தந்தி எஃகைவிடத் தடித்தது. ஆகவே அழுத்தம் அகன்ற பரப்பில் பரவுகிறது. இழுவிசையும் ஏறத்தாழப் பாதி. விரல் நுனி மட்டும் நோகிறவருக்கு இதைவிட நல்ல தேர்வு இல்லை. ஆனால் கிளாசிக்கல் கிட்டாரின் கழுத்து அகலமானது. விரலை அகல விரிக்க இயலாத மூட்டு நோயாளிகளுக்கு அது சிரமம் தரலாம். வாங்குமுன் கையில் பிடித்து, விரலை நீட்டிப் பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நைலானுக்காகச் செய்த கிட்டாரில் எஃகுக் கம்பியை ஒருபோதும் மாட்டக் கூடாது. அந்த இழுவிசையைத் தாங்காமல் கழுத்து வளையும், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பெயர்ந்து வரும். எஃகுக்காகச் செய்த கிட்டாரில் நைலானை மாட்டினால் கருவி கெடாது. ஆனால் ஒலி மங்கிவிடும். எந்தக் கிட்டார் எதற்கானது என்று தெரியாவிடில் கடைக்காரரிடம் காட்டிக் கேளுங்கள்.

குறை கம்பியில் இல்லாதபோது

விரல் வலிக்குக் கம்பியின் தடிப்பைவிடக் கம்பியின் உயரம் காரணமாக இருப்பது மிகுதி. விலை குறைந்த கிட்டார்களில் கம்பி மெட்டிலிருந்து மிக உயரத்தில் நிற்கும். அதனைக் கீழே கொண்டுவரவே விரல் போராடும். இந்த உயரத்தை வாசிப்பவர்கள் 'ஆக்‌ஷன்' என்பர். பன்னிரண்டாம் மெட்டின் மேல் ஒரு சிறு அளவுகோலை நிறுத்திப் பாருங்கள். எஃகுக் கம்பிக் கிட்டாரில் தடித்த கம்பியின் அடிப்பகுதி 3 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்திருந்தால், கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் தாழ்த்துவது நல்லது. மேலும் ஒரு சோதனை: கம்பிகளை மொத்தமாக அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்னும் பிடியை முதல் மெட்டில் மாட்டி வாசியுங்கள். சட்டென்று எளிதாகிவிட்டால், தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் நட்டின் பள்ளங்கள் ஆழம் போதாமல் இருக்கின்றன என்று பொருள். அதனைச் சரிசெய்யச் சிறிது நேரமே ஆகும்.

செலவில்லாத வழி ஒன்றும் உண்டு. ஆறு கம்பிகளையும் அரைச்சுரம் தாழ்த்திச் சுருதி சேர்த்தால் இழுவிசை சுமார் 11 விழுக்காடு குறையும். ஒரு முழுச்சுரம் தாழ்த்தினால் சுமார் 20 விழுக்காடு குறையும். பாடுவதற்குப் பழைய சுருதியே வேண்டுமெனில், தாழ்த்திய பின் முதல் அல்லது இரண்டாம் மெட்டில் கேப்போவை மாட்டிக்கொள்ளலாம். புதிதாக வாங்குவோர் நீளம் குறைந்த கிட்டாரையும் கருதலாம். ஒலிக்கும் கம்பியின் நீளம் குறையும்போது அதே சுருதிக்கு இழுவிசை குறைவாகவே தேவைப்படும். மெட்டுகளும் நெருங்கி இருக்கும்.

விரல் வைக்கும் இடமும் முக்கியம். இரு மெட்டுகளுக்கு நடுவில் அழுத்தினால் கூடுதல் விசை வேண்டும். மெட்டை ஒட்டி அதன் பின்னால் அழுத்தினால் குறைந்த விசை போதும். கம்பியை மெதுவாகத் தொட்டு, மீட்டிக்கொண்டே சிறிது சிறிதாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். ஒலி தெளிவாகும் இடத்தில் நிறுத்துங்கள். அவ்வளவே தேவை. பெரும்பாலோர் அதனினும் மிகுதியாக அழுத்திக்கொண்டிருப்பதை அப்போது உணர்வார்கள்.

நோய்க்கேற்ற கவனிப்பு

முடக்குவாதம்: காலை விறைப்பு நீங்கிய பிறகே வாசியுங்கள். ஒரே அமர்வாக ஒரு மணி நேரம் பழகுவதைவிடப் பத்து நிமிடமாகப் பல முறை பழகுவது மேல். மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும் நாள்களில் கருவியை எடுக்க வேண்டாம். எல்லாக் கம்பிகளையும் ஒரே விரலால் அழுத்தும் 'பார்' பிடிகளைத் தவிர்த்து, இரண்டு மூன்று கம்பிகளை மட்டும் அழுத்தும் எளிய பிடிகளை ஆசிரியரிடம் கேட்டுப் பெறுங்கள்.

மூட்டுத் தேய்மானம்: விரலின் கடைசிக் கணுவில் முடிச்சு போன்ற புடைப்பு உள்ளவர்களுக்கு நுனியை வளைத்து அழுத்துவது கடினம். தாழ்ந்த ஆக்‌ஷனும் 10ஆம் எண் கம்பியும் அல்லது நைலானும் இவர்களுக்கு ஏற்றவை.

குளிரில் விரல் வெளுத்தல்: மார்கழிக் காலையில் விரல்கள் வெளுத்து, நீலமாகி, பின் சிவந்தால் அதனை ரேனாட் நிகழ்வு என்போம். கையை வெதுவெதுப்பாக்கிக்கொண்டு வாசியுங்கள். ஸ்க்ளீரோடெர்மா நோயினால் விரல் நுனியில் புண் இருந்தால், அது முற்றும் ஆறும்வரை கம்பியைத் தொடக் கூடாது.

கீமோதெரபி: பேக்ளிடாக்சல் போன்ற மருந்துகள் விரல் நரம்புகளைப் பாதித்து மதமதப்பை உண்டாக்கலாம். ஆக்சாலிபிளாட்டின் பெறுபவர்களுக்கு மருந்து ஏற்றிய பின் வரும் நாள்களில் குளிர்ந்த பொருளைத் தொட்டாலே மின்சாரம் பாய்ந்தாற்போல் கூசும். குளிர்ந்த எஃகுக் கம்பியும் அத்தகையதே. கேப்சிட்டபின் உட்கொண்டு உள்ளங்கையும் விரல்களும் சிவந்து உரிகின்ற நிலையில் உராய்வு ஆகாது. அப்போது வாசிப்பை நிறுத்தி, உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள். தட்டணுக்களோ வெள்ளை அணுக்களோ குறைந்துள்ள நாள்களில், விரலில் ஏற்படும் சிறு வெடிப்பும் இரத்தக் கசிவுக்கோ தொற்றுக்கோ வழியாகும். எப்போது மீண்டும் தொடங்கலாம் என்று சிகிச்சையளிக்கும் மருத்துவரிடம் கேட்டு அறியுங்கள்.

சர்க்கரை நோய்: வீட்டில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்ப்பவர்கள், கம்பியை அழுத்தும் கையின் விரல் நுனிகளைக் குத்த வேண்டாம். வலக்கைப் பழக்கமுள்ளவர்களுக்கு அது இடக்கை. மற்றக் கையின் நடுவிரல் அல்லது மோதிரவிரலின் பக்கவாட்டில் குத்துங்கள். வணக்கம் சொல்வதுபோல் இரு கைகளையும் கூப்பும்போது விரல்கள் ஒட்டாமல் இடைவெளி தெரிந்தால், நாள்பட்ட சர்க்கரையால் விரல் மூட்டுகள் இறுகியுள்ளன என்று பொருள். அதனை எங்களிடம் காட்டுங்கள்.

டயாலிசிஸ்: வலக்கையில் ஃபிஸ்டுலா உள்ளவர்கள், கிட்டாரின் விளிம்பு அந்தக் கையை அழுத்தாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

வலி தெரியாத விரல்

கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர் மருத்துவர் பால் பிராண்ட். இலண்டனில் பயின்று, 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் மீண்டும் இயங்கச் செய்தவர் அவர். அந்நாளில் தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் தாமே அழுகி விழுகின்றன என்றே பலரும் நம்பினர். பிராண்ட் நோயாளிகளின் அன்றாட வேலைகளைக் கூர்ந்து கவனித்தார். தம்மால் திருப்ப முடியாத துருப்பிடித்த பூட்டை ஒரு சிறுவன் திருகித் திறந்ததையும், அவனுடைய விரல் ஆழமாகப் பிளந்திருந்ததையும், அதை அவன் உணராததையும் அவர் எழுதியிருக்கிறார். விரல்களை அழித்தது பெரிதும் உணர்விழப்பால் நேர்ந்த காயமும், கவனிக்கப்படாத தொற்றுமே என்று அவர் கண்டார்.

அந்தச் சிறுவன் அவரைவிட வலிமையானவன் அல்லன். 'போதும்' என்று சொல்லும் வலி அவனுக்கு இல்லை, அவ்வளவே. உணர்வு குறைந்த விரல் எதையும் தேவைக்கு மேல் அழுத்தும். அதியமான்கோட்டை ஆசிரியருக்கும் அதுவே நிகழ்ந்தது. கம்பியை விரல் உணராததால் மேலும் மேலும் அழுத்தினார், தோல் பிளந்தது, அதன்மேலும் வாசித்தார். "தாத்தாவுக்கு என்னைவிடச் சீக்கிரம் கை பழகிவிட்டது என்று நினைத்தேன்" என்று அவருடைய பேத்தி எங்களிடம் கூறினாள். குடும்பத்தார் இதனை நினைவில் கொள்ள வேண்டும். சர்க்கரை நோயுள்ள ஒருவருக்குத் தொடக்கத்திலேயே விரல் வலிக்கவில்லை என்றால், அது திறமையின் அடையாளமாக இராமல் நரம்புப் பாதிப்பின் அடையாளமாகவும் இருக்கலாம்.

உணர்வு குறைந்த விரலுக்கு நாங்கள் வகுத்துத் தரும் நெறிகள் இவை.

1. நைலான் தந்தியை மட்டுமே பயன்படுத்துங்கள். எஃகு வேண்டாம்.
2. பத்து நிமிடத்திற்குக் கடிகார மணி வைத்து வாசியுங்கள். நிறுத்தும் நேரத்தை விரல் சொல்லாது; கடிகாரம் சொல்லட்டும்.
3. ஒவ்வொரு முறை வாசித்த பின்பும் நல்ல வெளிச்சத்தில் விரல் நுனிகளைப் பாருங்கள். பார்வை மங்கியவர்களுக்கு வீட்டிலுள்ள ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.
4. கம்பித் தடம் அரைமணி நேரத்திற்குப் பின்னும் சிவப்பாக நின்றால், அடுத்த இரண்டு நாள் ஓய்வு கொடுங்கள்.
5. கொப்புளம், வெடிப்பு, கருமை, நீர்க்கசிவு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் வாசிப்பை நிறுத்தி மருத்துவரிடம் வாருங்கள்.

செய்யக் கூடாதவை

விரல் நுனியில் ஒட்டுப்பசை தடவி வாசிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. நோயுற்ற தோலுக்கு அது தீங்கு. மரத்துப்போகச் செய்யும் களிம்பைத் தடவிக்கொண்டு வாசிப்பது, நலமான விரலைத் தாமே உணர்விழந்த விரலாக்குவதற்கு ஒப்பாகும். காய்ப்பை பிளேடால் சீவக் கூடாது. குளித்தவுடனோ பாத்திரம் துலக்கியவுடனோ வாசிக்க வேண்டாம். ஊறிய தோல் எளிதில் கிழியும். விரலில் அரிப்பும் செதிலும் தோன்றினால் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். கிட்டார் மெட்டுகளில் வழக்கமாகப் பயன்படும் கலவையில் நிக்கல் உண்டு. நிக்கல் கலவாத எஃகு மெட்டுள்ள கருவிகளும் கிடைக்கின்றன.

அழுத்தவே இயலாதவர்களுக்கு

விரலின் நிலை இன்னும் கடினமாக இருந்தாலும் இசைக்கு வழி அடைந்துவிடுவதில்லை. 1965இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில், டோனி அயோமி என்ற 17 வயது இளைஞர் தகட்டுத் தொழிற்சாலையில் இரு விரல்களின் நுனிகளை இழந்தார். அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர். இழந்தவையோ கம்பியை அழுத்தும் வலக்கை விரல்களின் நுனிகள். நெகிழிக் குப்பியை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார். மெல்லிய கிட்டார்க் கம்பி அன்று எளிதில் கிடைக்காமையால் பாஞ்சோவின் கம்பியை மாட்டினார். பிற்காலத்தில் சுருதியையும் தாழ்த்தினார். மெல்லிய கம்பி, தாழ்ந்த சுருதி என்று நாங்கள் மேலே கூறிய இரண்டையும் அவர் தம் தேவையால் கண்டடைந்தார். அவருக்கு ஊக்கமளித்தது ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் இசைத்தட்டு. 1928இல் தீ விபத்தில் இடக்கையின் இரு விரல்கள் செயலிழந்த பின்னும், எஞ்சிய இரு விரல்களாலேயே இராகங்களை விரைந்து வாசித்தவர் ரெய்ன்ஹார்ட்.

நம் மரபிலேயே ஒரு வழி இருக்கிறது. கோட்டுவாத்தியம் என்னும் சித்திரவீணையில் மெட்டுகளே இல்லை. இடக்கையில் ஓர் உருளையைப் பிடித்துத் தந்திகளின்மேல் நகர்த்தியே வாசிக்கிறார்கள். விரல் நுனியால் அழுத்துவதில்லை. கிட்டாரையும் மடியில் கிடத்தி, ஓர் உலோகத் துண்டை நகர்த்தி வாசிக்கும் முறை உண்டு. ராஜஸ்தானைச் சேர்ந்த விஸ்வமோகன் பட் உருவாக்கிய மோகன வீணை அவ்வாறு வாசிக்கப்படும் கிட்டாரே. விரல் நுனி ஒத்துழைக்காதவர்கள், உருளையை உறுதியாகப் பிடிக்க முடியுமானால், இதனை முயலலாம்.

எப்போது மருத்துவமனைக்கு வர வேண்டும்?

• விரல் நுனி வீங்கி, இறுகி, துடிக்கும்போது. அன்றே வர வேண்டும். சீழ் உள்ளே பரவினால் எலும்பையும் தாக்கக்கூடும்.
• புண் இருந்தும் வலி இல்லாதபோது. இதுவும் அன்றே.
• மூட்டு வலி ஓய்வுக்குப் பின்னும் மறுநாள் தொடரும்போது.
• இரவில் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப்போய்த் தூக்கம் கலையும்போது. மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுவதால் இது நேரலாம்.
• விரல் மடங்கிச் சிக்கிக்கொண்டு நிமிர மறுக்கும்போது.

வரும்போது கிட்டாரையும் கொண்டு வாருங்கள். பலர் தயங்குகிறார்கள்; தயங்க வேண்டாம். நீங்கள் பிடிக்கும் விதத்தையும் கம்பியின் உயரத்தையும் நேரில் பார்த்தால், எந்த மூட்டு சிரமப்படுகிறது என்பது சில நிமிடங்களில் எங்களுக்குப் புலப்பட்டுவிடும்.

அந்த மாணவியின் கிட்டாரை நாங்கள் பார்த்தோம். 12ஆம் எண் கம்பி. பன்னிரண்டாம் மெட்டில் 4 மில்லிமீட்டர் உயரம். அதை வைத்துக்கொண்டு நலமான விரலும் நொந்திருக்கும். ஆக்‌ஷனைத் தாழ்த்தி, 10ஆம் எண் கம்பியை மாட்டி, அரைச்சுரம் குறைத்து வாசிக்கிறார். நோய் சற்று ஏறும் வாரங்களில் நிறுத்திவிடுகிறார். கிட்டாரை யாருக்கும் கொடுக்கவில்லை.

ஆசிரியரின் விரலைக் கீறிச் சீழை அகற்றினோம். புண் ஆற ஐந்து வாரங்கள் ஆயின. விரலின் நுனி தப்பியது; அதில் உணர்வு திரும்பவில்லை, திரும்பும் என்று நாங்கள் அவருக்கு வாக்களிக்கவும் இல்லை. இப்போது நைலான் தந்தியிட்ட கிட்டாரில் நாள்தோறும் பத்து நிமிடம் வாசிக்கிறார். மணி அடித்ததும் பேத்தி அவர் கையை விளக்கின் அருகே கொண்டுசென்று ஒவ்வொரு விரலாகப் பார்க்கிறாள். பார்த்து முடித்த பிறகே கிட்டார் அவள் கைக்கு வருகிறது.